‘முதலீடு பூஜ்யம்’ என்று வரும் மின்சேமிப்பு ஒப்பந்தம்: கொண்டோ, கட்டட நிர்வாகத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் நிர்வாகக் குழுவுக்குள் வந்துவிட்டவர்களுக்காக இது. வந்த சில வாரங்களில் மேனேஜர் ஒரு கோப்பை நீட்டுவார். ‘முதலீடு பூஜ்யம், மின்கட்டணம் 30 சதவிகிதம் குறையும், ஐந்து வருட ஒப்பந்தம்.’ கோப்பில் பொய் எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அந்த 30 சதவிகிதம் எதில் குறைகிறது, யார் அளக்கிறார்கள், மிச்சமாகும் பணம் யார் பைக்குப் போகிறது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்காது. கையெழுத்துக்கு முன் அந்தப் பதில்களை வாங்குவது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இப்படி முன்பணம் போட்டு, மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தந்து, மிச்சத்தில் பங்கு எடுக்கும் நிறுவனங்களை எஸ்கோ என்பார்கள். கோலாலம்பூர், பினாங்கு கொண்டோக்களின் ஜே.எம்.பி. (கூட்டு நிர்வாக அமைப்பு), எம்.சி. (பின்னால் அதன் இடத்துக்கு வரும் நிர்வாகக் கழகம்) குழுக்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். சொந்தக் கட்டடத்தில் தனியார் கல்லூரி, மண்டபம், சிறு ஹோட்டல், அலுவலகம் நடத்துபவர்கள் 7ஆம் படியை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கலாம்.

1. உங்கள் கட்டடம் எந்த அளவு என்று பாருங்கள்

பொதுப்பகுதி பில் மாதம் நாலைந்தாயிரம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் எஸ்கோவைத் தேட வேண்டாம். ஐந்து வருடம் அளந்து அறிக்கை எழுதும் செலவே சேமிப்பைத் தின்றுவிடும். 3ஆம், 4ஆம் படிகளை மட்டும் செய்யுங்கள். பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒற்றைக் கடைவீடு வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குள் கடை இருந்தால், ஏர்கோனின் வெளி யூனிட்டை முகப்பில் மாட்டுவதற்கு முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டடங்களுக்குச் சட்டமே வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் (சட்டம் 861) 2025 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடப்பில் இருக்கிறது. தொடர்ந்து 12 மாதங்களில் 21,600 கிகாஜூல், அதாவது மின்சாரக் கணக்கில் 60 லட்சம் யூனிட் அல்லது அதற்கு மேல் செலவழிப்பவர்கள் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் எரிசக்திச் செறிவு லேபிள் (சதுர மீட்டருக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று காட்டுவது) வாங்க வேண்டும். சாதாரணக் கொண்டோவின் பொதுப்பகுதி இந்த 60 லட்சத்துக்குக் கிட்டேகூட வராது. ‘சட்டம் வந்துவிட்டது, உடனே கையெழுத்துப் போடாவிட்டால் அபராதம்’ என்று ஒரு விற்பனையாளர் கொண்டோ குழுவைப் பயமுறுத்தினால், அவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

2. பில்களைச் சேர்த்து, உட்கார்ந்து படியுங்கள்

குறைந்தது 24 மாத டி.என்.பி. (தெனாகா நேஷனல் மின் நிறுவனம்) பில் வேண்டும். 36 மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே கொண்டோவுக்குப் பல கணக்கு எண்கள் இருக்கும்: பிளாக்குக்கு ஒன்று, காவலர் கூடத்துக்கு ஒன்று, நீச்சல்குளத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் எடுங்கள். மதிப்பீட்டு ரீடிங்கில் வந்த மாதங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். அடுத்த மாதம் அது திரும்பிச் சரியாகும்போது, ஏதோ திடீரென்று ஏறியது போலவோ குறைந்தது போலவோ தெரியும்.

பிறகு ஓர் அட்டவணை போடுங்கள்: மாதம், யூனிட், அதிகபட்சத் தேவை இருந்தால் அதன் கிலோவாட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உருப்படியாகப் பயன்படுகிறது என்ற விகிதம்), மொத்த ரிங்கிட். இதில் கவனிக்க வேண்டியவை:

2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பே மாறிவிட்டது. அதோடு எரிபொருள் விலைக்கேற்ற சரிக்கட்டுத் தொகை மாதாமாதம் கூடும், குறையும். அதற்கு முந்திய பில்லையும் பிந்தியதையும் ரிங்கிட்டில் ஒப்பிட்டு யாராவது சேமிப்பு காட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. யூனிட்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

குறைந்த மின்னழுத்த இணைப்பு என்றால் ஏறக்குறைய எல்லாமே யூனிட் கணக்கில்தான் வசூலாகிறது. மொத்த ரிங்கிட்டை யூனிட்டால் வகுத்தால் கிடைக்கும் சராசரியை அப்படியே சேமிப்புக் கணக்குக்குப் பயன்படுத்தலாம். நடுத்தர மின்னழுத்த இணைப்பில் இது பொருந்தாது. அங்கே கொள்ளளவுக் கட்டணமும் மின்வலைக் கட்டணமும் அந்த மாதத்தில் பதிவான மிக உயர்ந்த 30 நிமிடத் தேவையின்மேல், கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வருகின்றன. நள்ளிரவில் விளக்கை அணைத்து ஆயிரம் யூனிட் மிச்சம் பிடித்தாலும் அந்தப் பகுதி ஒரு சென்கூடக் குறையாது. எஸ்கோவின் தாளில் சேமிப்பைச் சராசரி விலையால் பெருக்கியிருப்பார்கள். இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் ஊதிப்பெருக்கல் இதுதான். ‘யூனிட் கட்டணம் தனி, கிலோவாட் கட்டணம் தனி என்று பிரித்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நேரவாரிக் கட்டணத்தில் இருந்தால், உச்சநேரம் இப்போது வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பவர் ஃபேக்டர் 0.85க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01க்கும் பில்லில் 1.5 சதவிகிதம் அபராதம், 0.75க்குக் கீழே போனால் 3 சதவிகிதம். அபராதம் வந்துகொண்டிருந்தால் பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேங்க்கைப் பழுது பார்ப்பதே போதும். அதற்கு எஸ்கோ தேவையில்லை. இதையொட்டி ஒரு மோசடி சுற்றுகிறது. ‘மீட்டருக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியை மாட்டினால் 20 சதவிகிதம் குறையும்’ என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். அபராதம் இல்லாத கட்டடத்தில் அது பில்லை அசைக்காது.

3. மின்சாரம் எங்கே போகிறது என்று எண்ணுங்கள்

ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவு 2 மணி வாக்கிலும் டெக்னீஷனோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கார் நிறுத்தம், படிக்கட்டு, தாழ்வாரம், லாபி விளக்குகளை வகைவாரியாக எண்ணுங்கள். பம்ப், லிஃப்ட், காற்றோட்ட விசிறி, ஏர்கோன் எல்லாவற்றின் பெயர்ப்பலகையையும் படம் எடுங்கள். எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைக் காவலரிடம் கேளுங்கள். அவருக்குத்தான் உண்மை தெரியும். இரவு முழுக்க ஓடும் குளத்து பம்ப், பகலில் எரியும் தோட்டத்து விளக்கு, டைமர் கெட்டுப்போய் நேரடியாக இணைக்கப்பட்ட விசிறி என்று ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு டைமர் விலைதான்.

பெரிய சுமைகளில் கிளாம்ப் வகை மின்பதிவுக் கருவியை இரண்டு வாரமாவது மாட்டிவைக்க வேண்டும். வார இறுதியும் அதற்குள் வர வேண்டும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிருங்கள். பாதி கொண்டோ ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

முறையான எரிசக்தித் தணிக்கை வேண்டுமென்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற தணிக்கையாளரைப் பிடியுங்கள். கொண்டோவுக்கு ஆயிரங்களில் முடியும். சில்லர் (மைய ஏர்கோனுக்கு நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) உள்ள அலுவலகக் கட்டடத்துக்குப் பத்தாயிரங்களில் போகும். ‘தணிக்கை இலவசம்’ என்று எஸ்கோவே செய்துகொடுத்தால் அறிக்கை யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வேறு நிறுவனத்திடம் போகும்போது ‘அந்தத் தாளைக் கொடுக்க முடியாது’ என்பார்கள், அல்லது தணிக்கைக் கட்டணம் என்று ஒரு பில் வரும்.

கையில் இருக்க வேண்டிய மற்ற ஆவணங்கள்: ஒற்றைக்கோட்டு மின்வரைபடம், கட்டி முடித்தபோது கொடுத்த வரைபடங்கள், லிஃப்ட்–பம்ப் பராமரிப்பு ஒப்பந்தங்கள், கடைசித் தணிக்கையான கணக்கு, சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமநிதி) இருப்பு. வரைபடங்கள் பழைய மேனேஜ்மென்ட் நிறுவனத்தின் அலமாரியில் மாட்டிக்கொண்டிருக்கும். கடிதம் போட்டு வாங்க ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள்.

4. விளக்கை நீங்களே மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். கணக்கைப் பாருங்கள்.

கார் நிறுத்தத்தில் 24 மணி நேரமும் எரியும் நான்கடி டியூப் 400. பழைய 36 வாட் டியூபும் இரும்பு சோக்கும் சேர்ந்து சுமார் 44 வாட். எல்.ஈ.டி. 16 வாட். ஒன்றுக்கு 28 வாட் மிச்சம், மொத்தம் 11.2 கிலோவாட், வருடத்துக்கு 98,112 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தால் 49,056 ரிங்கிட். விளக்கும் கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 40 ரிங்கிட் என்று தாராளமாகவே போட்டாலும் செலவு 16,000. நாலு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

இதே வேலையை, சேமிப்பில் அவர்களுக்கு 80, உங்களுக்கு 20 என்ற 80:20 பங்கில் ஐந்து வருடத்துக்கு எஸ்கோவிடம் கொடுத்தால், 16,000 ரிங்கிட் வேலைக்கு நீங்கள் கொடுப்பது 1,96,224 ரிங்கிட். ‘முதலீடு பூஜ்யம்’ கோப்புகளில் பெரும்பாலும் விளக்குதான் முதல் பக்கத்தில் இருக்கும். காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மாற்றும்போது தவறுகிற இடங்கள்:

- சோக்கை நீக்காமல் எல்.ஈ.டி.யை மாட்டினால் சோக் தொடர்ந்து மின்சாரம் தின்னும், விளக்கும் சீக்கிரம் போகும். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி நேரடியாக வயரிங் செய்யச் சொல்லுங்கள். பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.
- சிரிம் தரச்சான்றும், 0.9க்குக் குறையாத பவர் ஃபேக்டரும் கேளுங்கள். மலிவான டிரைவரில் இது 0.5க்கு இறங்கும். யூனிட் குறைந்து அபராதம் ஏறும்.
- அசைவு சென்சார் போட்டால் ஆளில்லாதபோது மங்கலாக எரியும் வகை வாங்குங்கள், முழுக்க அணையும் வகை வேண்டாம். இருட்டான நிறுத்தத்துக்குள் பெண்கள் தனியாக நடக்க யோசிப்பார்கள். புகார் வந்ததும் யாராவது சென்சாரைக் கழற்றிவிடுவார்கள், சேமிப்பும் அதோடு போகும். கட்டட மின்சிக்கனத்துக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525 கார் நிறுத்தத்துக்குச் சொல்லும் வெளிச்ச அளவு 50 லக்ஸ். மாற்றும் முன்னும் பின்னும் அளந்து பதிவு செய்யுங்கள்.
- வெளியேறும் வழிப் பலகைகள், அவசர விளக்குகளைச் சென்சாரோடு இணைக்கக் கூடாது. பொம்பா (தீயணைப்புத் துறை) ஆய்வில் மாட்டிக்கொள்வீர்கள்.
- பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போடாமல் முறையாக அகற்றும் பொறுப்பைக் கான்ட்ராக்டரின் கொட்டேஷனிலேயே சேருங்கள்.

எல்லாம் முடிந்து மூன்று மாத பில் வரும்வரை காத்திருங்கள். எஸ்கோவோடு பேசும்போது, சேமிப்பை எதிலிருந்து கழித்துப் பார்ப்பது என்ற தொடக்கக் கணக்கு அந்தப் புதிய, குறைந்த பில்லிலிருந்து போடப்பட வேண்டும்.

5. மிச்சமிருப்பதற்கு எந்த மாதிரி ஒப்பந்தம்?

விளக்கு போன பிறகு பம்ப், விசிறி, ஏர்கோன், லிஃப்ட் மிஞ்சும். இவற்றுக்கு முதலீடு பெரிது, அளப்பதும் கடினம். எஸ்கோவுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

சொந்தப் பணம். சிங்கிங் ஃபண்டில் பணம் இருந்தால், திரும்பும் காலம் மூன்று வருடத்துக்குள் இருந்தால் இதுவே மலிவு. கான்ட்ராக்டருக்குக் கடைசி 10 சதவிகிதத்தைச் சேமிப்பு அளந்து உறுதியான பிறகு கொடுப்பதாக வையுங்கள்.

சேமிப்புப் பங்கீடு. எஸ்கோ பணம் போடும், சேமிப்பைப் பிரித்துக்கொள்வீர்கள். உதாரணமாக 1,20,000 ரிங்கிட் முதலீட்டில் மாதம் 4,000 மிச்சம் என்று வைப்போம். 80:20 பங்கில் ஐந்து வருடத்தில் எஸ்கோவுக்கு 1,92,000, உங்களுக்கு 48,000. சொந்தப் பணத்தில் செய்திருந்தால் அதே ஐந்து வருடத்தில் முதலீடு போக 1,20,000 நிற்கும். வித்தியாசம் 72,000. வருடத்துக்கு ஏறக்குறைய 20 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். பராமரிப்பும், சேமிப்பு வராவிட்டால் ஏற்கும் நட்டமும் அவர்கள் தலையில் என்றால் அந்த விலை சில சமயம் நியாயமே. பராமரிப்பு உங்கள் தலையில் என்றால் நியாயமில்லை. பராமரிப்புக் கட்டணமே ஒழுங்காக வசூலாகாத, கையில் காசில்லாத கொண்டோவுக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட கட்டடத்துக்கு எஸ்கோவும் எளிதில் வராது, அவர்களும் உங்கள் கணக்கைப் பார்ப்பார்கள்.

சேமிப்பு உத்தரவாதம். பணம் அல்லது வங்கிக் கடன் உங்களுடையது. சொன்ன யூனிட் மிச்சமாகாவிட்டால் குறையை எஸ்கோ பணமாகக் கட்டும். கடன் வாங்கக்கூடிய கம்பெனிகளுக்குப் பொருந்தும். ஜே.எம்.பி.க்கு வங்கிகள் லேசில் கடன் தராது. கம்பெனிகள் பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டத்தையும், பசுமை முதலீட்டு வரிச்சலுகையையும் விசாரிக்கலாம். வரிச்சலுகைக்கு, வாங்கும் சாதனம் பசுமைப் பொருள்களுக்கான மைஹிஜாவ் பட்டியலில் இருக்க வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன்பே பாருங்கள். இந்தத் திட்டங்களின் நிபந்தனையும் கால எல்லையும் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் மலேசியப் பசுமைத் தொழில்நுட்பக் கழகமான எம்.ஜி.டி.சி.யிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வாடகை. மாதம் ஒரு நிலையான தொகை. சேமிப்பு வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். இதைச் சேமிப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் விற்பார்கள். ‘சேமிப்பு குறைந்தால் வாடகை குறையுமா?’ என்ற ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

குளிர்ச்சியை விலைக்கு வாங்குவது. சில்லர் வைத்திருக்கும் அலுவலகம், மருத்துவமனை, மால்களுக்கு மட்டும். நிறுவனம் சில்லரைத் தன் செலவில் போட்டு, குளிர்ந்த நீரை டன்–மணிக் கணக்கில் விற்கும் (டன் என்பது இங்கே எடை அல்ல, குளிர்விக்கும் திறனின் அளவு). கே.எல்.சி.சி. வட்டாரத்தில் மத்திய நிலையத்திலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்ந்த நீர் போவது இதன் பெரிய வடிவம். பழைய நிலையம் டன்னுக்கு 1.1 கிலோவாட் தின்று, புதியது 0.65இல் ஓடினால், சராசரி 300 டன் சுமையில் வருடம் 3,000 மணி நேரத்துக்கு 4,05,000 யூனிட் மிச்சம். ஆனால் குறைந்தபட்சக் கொள்முதல் என்று ஒரு பிரிவு இருக்கும். இரண்டு மாடி காலியானாலும் அந்த அளவுக்குக் காசு கட்ட வேண்டும். வாடகைதாரர் ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன என்று பார்த்து அந்த எண்ணை இறக்குங்கள்.

கூரை சோலாரை இதே ஒப்பந்தத்துக்குள் நுழைக்க விடாதீர்கள். சோலார் தரும் யூனிட்டையும் மிச்சமான யூனிட்டையும் ஒரே பில்லில் பிரித்துப் பார்ப்பது பெரும் தலைவலி. அதைத் தனி ஒப்பந்தமாக, தனி மீட்டரோடு வையுங்கள்.

எந்தச் சாதனத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்பதிலும் ஏமாற்றம் உண்டு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான வி.எஸ்.டி. போட்டு 80 சதவிகித வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் பாதியாகும் என்பார்கள். குளத்து ஃபில்டர் பம்ப், கார் நிறுத்த விசிறி போன்றவற்றுக்கு இது ஏறத்தாழ உண்மை. கீழ்த்தொட்டியிலிருந்து 30 மாடி உயரத் தொட்டிக்கு நீரேற்றும் பம்ப்புக்குப் பொருந்தாது. நீரை அந்த உயரத்துக்குத் தூக்கும் வேலை குறையவே போவதில்லை, வேகம் குறைந்தால் நீர் மேலே ஏறாமலும் போகும். அங்கே பழைய மோட்டார், தேய்ந்த இம்பெல்லர், கசியும் வால்வைப் பாருங்கள். லிஃப்ட்டை மின்சேமிப்புக்காக மட்டும் மாற்றினால் போட்ட பணம் திரும்பாது. பழசாகிப் போனதால் மாற்றுகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு.

6. தொடக்கக் கணக்கும் அளவும்

பங்கு 80:20ஆ 70:30ஆ என்று பேரம் பேசுவதில் குழு மூன்று கூட்டத்தைச் செலவழிக்கும். தொடக்கக் கணக்கு பின்னிணைப்பில் நாலு வரியாக இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். அந்த நாலு வரி 10 சதவிகிதம் உயர்த்தி எழுதப்பட்டிருந்தால், ஒன்றும் செய்யாமலே 10 சதவிகிதம் ‘சேமிப்பு’ வரும்.

அளக்கும் முறைக்கு ஐ.பி.எம்.வி.பி. என்ற சர்வதேச நெறி இருக்கிறது. நாலு வழி சொல்கிறது. ஏ: மின்திறனை அளந்து, ஓடும் நேரத்தை ஒப்புக்கொண்ட எண்ணாக வைப்பது. விளக்குக்குப் போதும். பி: எல்லாவற்றையும் தொடர்ந்து அளப்பது. பம்ப், விசிறி, சில்லருக்கு இதையே வலியுறுத்துங்கள். சி: மொத்தப் பில்லை வைத்துப் பார்ப்பது. சேமிப்பு மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்கும் குறைவென்றால், வீடுகளில் ஆள் கூடுவதும் குறைவதுமே அதை மறைத்துவிடும். டி: கணினி மாதிரி. கொண்டோவுக்கு வேண்டாம்.

சில்லரில் ஒரு நுணுக்கம்: போகும் நீருக்கும் வரும் நீருக்கும் வெப்பநிலை வித்தியாசமே 5, 6 டிகிரிதான். சென்சார் 0.3 டிகிரி தவறினால் கணக்கு 5 சதவிகிதம் தவறும். ஆகவே சென்சாருக்கும் நீரோட்ட மீட்டருக்கும் அளவுத்திருத்தச் சான்றிதழ் வருடாவருடம் வேண்டும்.

மாற்றங்களுக்கான விதியையும் இப்போதே எழுதுங்கள். நாளைக்கு மின்கார் சார்ஜர் பத்துப் போட்டால், ஜிம் நேரம் நீட்டித்தால், ஒரு லிஃப்ட் மாதக்கணக்கில் நின்றால் தொடக்கக் கணக்கு எப்படிச் சரிசெய்யப்படும்? லிஃப்ட் நின்றதால் குறைந்த யூனிட்டுக்கு எஸ்கோவுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. சார்ஜருக்குத் துணை மீட்டர் போட்டுக் கழித்துவிட வேண்டும்.

7. பொதுக்கூட்ட அனுமதி

2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் (சட்டம் 757) கீழ் குழு செயல்படுகிறது. நீண்டகால ஒப்பந்தத்தைக் குழு மட்டும் முடிவுசெய்து கையெழுத்திட்டால், அடுத்த வருடக் குழு அதைக் கிளறும். பொதுக்கூட்டத் தீர்மானமாகவே கொண்டுபோங்கள். அறிவிப்புக்குக் குறைந்தது 14 நாள். அறிவிப்போடு ஒரே பக்கத்தில், முதலீடு யாருடையது, மாதம் எவ்வளவு, எத்தனை வருடம், வெளியேறினால் என்ன செலவு என்று நாலே எண்கள் போடுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் என்று எந்த மொழி வேண்டுமோ அதில் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். கட்டணப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதால், பட்டியலை முன்கூட்டியே சரிபாருங்கள். கூட்டத்தில் ரகளை இங்கிருந்துதான் கிளம்பும்.

ஜே.எம்.பி. கட்டடம் என்றால் இன்னொரு சிக்கல். எம்.சி. அமைந்த பிறகு ஜே.எம்.பி. கலைந்துவிடும். ஸ்ட்ராட்டா டைட்டில் (வீடுவாரியான தனி உரிமைப்பத்திரம்) வரும் தறுவாயில் ஐந்து வருட ஒப்பந்தம் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் எம்.சி.க்குக் கைமாறும் பிரிவு வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டட ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கோலாலம்பூரில் அது மாநகர் மன்றமான டி.பி.கே.எல். கீழும், பினாங்கில் தீவுக்கும் செபராங் பிறைக்கும் தனித்தனி மாநகர் மன்றங்களின் கீழும் இருக்கிறது.

8. மூன்று கொட்டேஷன், ஒரே தாள்

மூன்று நிறுவனத்துக்கும் ஒரே தரவைக் கொடுத்து, ஒரே படிவத்தில் பதில் கேளுங்கள்: சாதனவாரியாக யூனிட் சேமிப்பு, கிலோவாட் சேமிப்பு, முதலீடு, பங்கு, காலம், அளக்கும் வழி. சதவிகிதத்தில் மட்டும் எழுதி வந்ததைத் திருப்பி அனுப்புங்கள். மலேசிய எரிசக்திச் சேவை நிறுவனங்கள் சங்கமான மாயெஸ்கோவில் உறுப்பினரா, எத்தனை ஒப்பந்தம் முழுக் காலமும் ஓடி முடிந்திருக்கிறது என்று விசாரியுங்கள். முடித்த கட்டடம் ஒன்றுக்குப் போய் அங்குள்ள டெக்னீஷனோடு பேசுங்கள், மேனேஜரோடு அல்ல.

9. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்காதீர்கள். அவரிடம் இவற்றைக் குறிப்பாகக் கேளுங்கள்.

சேமிப்புக்கு விலை: அந்தந்த மாத டி.என்.பி. விலையா, நிலையான விலையா? ‘கட்டணம் குறைந்தாலும் இதற்குக் கீழே போகாது’ என்ற அடிவிலைப் பிரிவு நைசாக உட்கார்ந்திருக்கும், அடித்துவிடுங்கள்.

வெளியேறும் விலை: ஒவ்வொரு வருட முடிவிலும் எவ்வளவு கட்டினால் விடுபடலாம் என்று அட்டவணையாக வேண்டும். ‘பரஸ்பரம் ஒப்புக்கொள்ளும் தொகை’ என்பது விலை ஆகாது.

பழுது: எத்தனை மணி நேரத்தில் வருவார்கள்? நீர் பம்ப்புக்கு 4 மணி நேரம், மற்றவற்றுக்கு 24 என்று வைக்கலாம். பழைய பம்ப்பைக் கழற்றி விற்றுவிடாமல் மாற்று இணைப்பாக வைத்திருப்பது நல்லது. வி.எஸ்.டி. இடியில் போன அன்று கட்டடத்துக்குத் தண்ணீர் வேண்டும்.

காப்புறுதி யார் எடுப்பது, எஸ்கோ திவாலானால் சாதனம் யாருக்கு, அதன் வங்கி வந்து கழற்றிக்கொண்டு போக முடியுமா என்பதும் எழுத்தில் வேண்டும். தகராறு வந்தால் நேரே மத்தியஸ்த மன்றத்துக்குப் போவது சிறு தொகைக்குக் கட்டுப்படியாகாது. இருவரும் ஒப்புக்கொண்ட சுயேச்சை அளவையாளர் சொல்வதே முடிவு என்று முதல் படியை வையுங்கள். கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

10. கால அளவும், கடைசி நாளும்

பில், வரைபடம் சேர்க்க ஒரு மாதம். அளக்க இரண்டு, மூன்று வாரம். விளக்கு மாற்ற ஒரு மாதம், பிறகு மூன்று பில். கொட்டேஷனுக்கு ஆறு முதல் எட்டு வாரம், கூட்டம், வழக்கறிஞர் என்று இன்னொன்றரை மாதம். பொருத்த இரண்டு, மூன்று மாதம். ஆக, ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் பதவிக்காலத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று அவசரப்படும்போதுதான் 6ஆம் படி விடுபடுகிறது.

ஓட ஆரம்பித்த பிறகு மாதம் ஒரு தடவை எஸ்கோவின் அறிக்கையை டி.என்.பி. பில்லோடு ஒருவர் ஒப்பிட வேண்டும். குழுவில் கணக்குத் தெரிந்த ஒருவரை இதற்கென்றே நியமியுங்கள். அரை மணி நேர வேலை. அறிக்கையில் சேமிப்பு ஏறி, பில்லில் யூனிட் குறையாமல் இருந்தால் அந்த மாதப் பணத்தை நிறுத்திவைத்துக் கேளுங்கள். நிறுத்திவைக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைப்புப் பட்டியலைக் கேளுங்கள்: எல்லாச் சாதனத்தின் தற்போதைய நிலை குறித்த சோதனை அறிக்கை, உதிரிபாகங்கள், மீட்டர்களின் முழுத் தரவு, வி.எஸ்.டி. அமைப்பு எண்கள், கட்டுப்பாட்டு மென்பொருளின் உரிமமும் கடவுச்சொல்லும். கடவுச்சொல் கிடைக்காத கட்டடங்களில், விசிறியின் நேரத்தை மாற்றக்கூட அதே நிறுவனத்தைக் கூப்பிட்டு, வரும் ஒவ்வொரு தடவைக்கும் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.